பழைய பேஸ்பால் சீருடைகளைத் தேடியபோது நடந்த, மனதை விட்டுப் போகாத ஒரு சந்திப்பு: உங்களுடையதையும் சொல்லுங்கள்

கொலம்பஸ் தையல்

ஒஹாயோவில் 1860களின் விதிப்படி, அந்தக் காலத்துச் சீருடையில், கையுறை இல்லாமல் பேஸ்பால் ஆடும் ஒரு குழுவுக்குச் சட்டை தைத்துக் கொடுக்கிறேன். இந்த மாதிரிக் குழுக்களைப் பற்றி இங்கே எல்லாருக்கும் தெரியும், நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

போன கோடையில் ஒரு ஆட்டம் முடிந்து துணிகளை மடித்துக்கொண்டிருந்தோம். எண்பதைத் தாண்டிய ஒரு அம்மா வந்து கைப்பையைத் திறந்து, துணியில் சுற்றிய டின்டைப் (இரும்புத் தகட்டிலேயே நேராக எடுக்கும் பழைய புகைப்படம்) ஒன்றை எடுத்தார். உள்ளங்கை அளவுதான். ஒன்பது பேர். நெஞ்சில் கேடயம் போல் பொத்தான் வைத்த பட்டை, அதில் ஒரு எழுத்து. முழங்காலோடு முடியும் கால்சட்டை, அதற்குக் கீழே கறுகறுவென்று ஸ்டாக்கிங். எங்கள் குழுத் தலைவர் பார்த்த மாத்திரத்தில் நோட்டில் "கறுப்பு" என்று எழுதிவிட்டார்.

அந்த அம்மா விரலைத் தகட்டின் மேல் படாமல், ஒரு நூல் இடைவெளியில் நிறுத்தினார். "சிவப்பு. என் பாட்டியின் அம்மாதான் இவர்களுக்குத் துவைத்துப் போட்டவர். அந்தத் தண்ணீரில் விழுந்த வெள்ளைத் துணியெல்லாம் ரோஸ் ஆகிவிடும் என்று பாட்டி சொல்லிக்கொண்டே இருப்பார்."

தலைவர் தலையை ஆட்டினார், ஆனால் நோட்டில் எழுதியதை அடிக்கவில்லை. அம்மா படத்தைச் சுற்றி உள்ளே வைத்துக்கொண்டு நடந்துவிட்டார். அந்த விரல் நின்ற இடம் எனக்கு இன்றைக்கும் கண்ணிலேயே இருக்கிறது. புதுச் சீருடைக்குத் துணி வாங்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. எந்த நிறத்தில் வாங்குவது?

வெட்பிளேட் மதுரை

சிவப்பாக இருக்க முழு வாய்ப்பு உண்டு. நான் இன்றும் கொலோடியன் என்ற அந்தக் காலத்து ரசாயன முறையில் தகட்டில் படம் எடுப்பவன், பார்த்ததைச் சொல்கிறேன்.

ஒரு ஊர்த் திருவிழாவில் பழைய பாணியில் ஆடும் அணிக்குப் படம் எடுத்தேன். ஒரு சிறுவன், பளிச்சென்ற சிவப்புச் சட்டை. தகட்டை ஹைப்போ என்ற கரைசலில் போட்டதும் பால் போல் இருந்த படம் கலைந்து உருவம் தெளியும், எல்லாரும் சுற்றி நின்று பார்ப்பார்கள். அவனும் எட்டிப் பார்த்தான். சட்டை கரியாக வந்திருந்தது. "என் சட்டையை ஏன் மாத்தினீங்க?" என்று கேட்டான். குரல் உடைந்துவிட்டது. அவன் அம்மா எவ்வளவு சொல்லியும் அந்தத் தகட்டை வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று போய்விட்டான். அது இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

காரணம் எளிது. அந்த ரசாயனம் நீல ஒளிக்கும் ஊதாவுக்கும்தான் அசையும். சிவப்பும் ஆரஞ்சும் அதற்கு இருட்டு. நீலம் வெளிறிப் போகும், வெளிர் நீலமாக இருந்தால் வெள்ளையோடு கலந்தே விடும். 1869 சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ் பேஸ்பால் அணியின் படத்தை எடுத்துப் பாருங்கள், கால்கள் எல்லாம் கறுப்பு. அந்த அணியின் பெயரே சிவப்பு ஸ்டாக்கிங்கிலிருந்து வந்தது என்று தெரியாமல் இருந்தால், அந்தப் படத்தை வைத்து நாம் எல்லாரும் கறுப்பு என்றுதான் தைத்திருப்போம். எல்லா நிறத்தையும் பார்க்கும் பான்குரோமேட்டிக் தகடுகள் கடைக்கு வந்தது 1906 வாக்கில். அதற்கு முந்திய எந்தப் படத்தையும் நிறத்துக்குச் சாட்சியாகக் கூப்பிடக் கூடாது என்பது என் முடிவு.

மிச்சிகன் அப்பா

மதுரைக்காரர் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் "முழு வாய்ப்பு" எப்படி? சிவப்பு கறுப்பாக விழும் என்றால், கறுப்பும் கறுப்பாகத்தானே விழும்! பழுப்பும் அப்படித்தான். படத்தைத் தள்ளிவிட்டு எழுத்தைத் தேடுங்கள்.

என் அனுபவம் பேஸ்பால் அருங்காட்சியகம் இருக்கும் கூப்பர்ஸ்டவுனில். மகளுக்கு 1882 கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் பேஸ்பால் அணிகளின் அமைப்பான நேஷனல் லீக், சட்டை, தொப்பி, பெல்ட் எல்லாவற்றையும் ஆடும் இடத்துக்கு ஏற்ற நிறத்தில் போடச் சொன்னது. பந்தெறியும் பிட்சருக்கு வெளிர் நீலம், அதைப் பிடிக்கும் கேட்சருக்குச் சிவப்பு, களத்தில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப்புக்கு மெரூன். இரண்டு அணியிலும் அதே வரிசை. எந்த அணி என்பதை ஸ்டாக்கிங்கை வைத்துத்தான் சொல்ல வேண்டும்: பாஸ்டன் சிவப்பு, சிகாகோ வெள்ளை, டிராய் பச்சை, வூஸ்டர் பழுப்பு, எங்கள் டெட்ராய்ட் பழந்தங்க நிறம்.

பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் இதைக் கேட்டுவிட்டு (தமிழ் தெரியாது, நிறங்களை ஆங்கிலத்தில் சொன்னேன்) மகள் முன்னால் குனிந்து, "எதிரணிக்காரன் பேஸுக்கு ஓடி வரும்போது, பந்தை எடுத்தவன் அங்கே யாருக்கு எறிவான் என்று நினைக்கிறாய்?" என்று கேட்டார். அவள் கொஞ்சம் யோசித்து, "ரெண்டு பேரும் ஒரே டிரஸ்ஸா?" என்றாள். அவர் கண் கலங்கும் அளவுக்குச் சந்தோஷப்பட்டார். தன் பேரப்பிள்ளைகள் யாரும் இதைக் காது கொடுத்துக் கேட்பதில்லை என்றார். அவரோடு இன்னும் கொஞ்ச நேரம் நின்று பேசியிருக்கலாம். பஸ் வந்துவிட்டது.

அந்த ஏற்பாடு சீசன் பாதியிலேயே கைவிடப்பட்டது. ஆனால் எழுதி வைத்தார்கள், அதனால் இன்று நமக்குத் தெரிகிறது. எழுத்து இல்லாத பாட்டி கதையை நம்பித் துணி வாங்காதீர்கள்.

திருப்பூர்ச் சாயம்

மிச்சிகன் அப்பா, பாட்டி கதையை அவ்வளவு சுலபமாகத் தள்ளாதீர்கள். அந்த அம்மா வெறும் நிறத்தை மட்டும் சொல்லவில்லை. வெள்ளைத் துணி ரோஸ் ஆனது என்று சொன்னார். துவைத்த கைக்குத்தான் அது தெரியும். கறுப்புச் சாயம் கழன்றால் தண்ணீர் சாம்பலாகவோ ஊதாவாகவோ போகும், ரோஸ் வராது. சாயப்பட்டறையில் வளர்ந்தவன் என்ற முறையில், நீதிமன்றத்தில் வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

கழலும் சாயம் இந்த விளையாட்டின் வரலாற்றையே மாற்றியிருக்கிறது. காலணியின் ஸ்பைக் ஆணி கிழித்த காயத்தில் ஸ்டாக்கிங் சாயம் இறங்கினால் விஷமாகும் என்று பயந்தார்கள். 1907இல் பாஸ்டனின் நேஷனல் லீக் அணி சிவப்பைக் கைவிட்டதற்குச் சொன்ன காரணமும் அதுதான். அவர்கள் விட்ட சிவப்பை ஊரின் இன்னொரு அணி எடுத்துக்கொண்டது, 1908 முதல் அதன் பெயர் ரெட் சாக்ஸ். உள்ளே வெள்ளைச் சாக்ஸ், மேலே பாதமில்லாத நிறக் காலுறை என்று இரண்டடுக்காகப் போட்டதும் இந்தப் பயத்தில்தான்.

என் சந்திப்பு மனிதரோடு அல்ல, ஒரு சட்டையோடு. ஒருவரின் தனிச் சேகரிப்பில் 1880களின் ஃபிளானல் சட்டை. முன்பக்கம் கயிறு கோத்துக் கட்டுவது, மடித்த காலர். வெளியே பார்த்தால் மங்கிய செங்கல் நிறம். பெட்டி அட்டையிலும் அப்படியே "செங்கல் நிறச் சட்டை" என்று எழுதி வைத்திருந்தார். அவர் அனுமதியோடு, கையுறை போட்டுக்கொண்டு அடி மடிப்பை லேசாகத் திருப்பினேன். உள்ளே வெயிலே படாத அரை அங்குலம். ரத்தச் சிவப்பு! நேற்றுத் தொட்டியிலிருந்து எடுத்த மாதிரி. அவரும் குனிந்தார், இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. அந்தக் காலத்து அனிலின் (செயற்கைச்) சாயங்கள் சில வெயிலில் சீக்கிரம் சாகும் என்று படித்ததுதான். ஆனாலும் அதைக் கண்ணால் பார்ப்பது வேறு. அவர் அட்டையை மாற்றினாரா தெரியவில்லை. அதுதான் உறுத்துகிறது.

நல்லூர்

1888இல் ஸ்பால்டிங் என்ற அணி உரிமையாளர் தன் சிகாகோ பேஸ்பால் அணியையும் ஆல்-அமெரிக்கா என்ற அணியையும் கூட்டிக்கொண்டு உலகம் சுற்றப் புறப்பட்டார் அல்லவா. ஆஸ்திரேலியா முடித்து 1889 ஜனவரியில் கொழும்பில் இறங்கினார்கள், பிறகு எகிப்து. ஸ்ஃபிங்ஸ் சிலை மேல் எல்லாரும் ஏறி நிற்கும் படம் உங்களுக்குத் தெரியும். எங்கள் ஊர்க் கரையைத் தொட்டுப் போனவர்கள் என்பதால் எனக்கு அந்தப் பயணத்தில் தனிப் பிடிப்பு.

அந்தப் படத்தின் பிரதியை என் பெரியப்பாவிடம் காட்டினேன். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் ஸ்டூடியோ வைத்திருந்தவர். பேஸ்பால் பற்றி ஒன்றும் தெரியாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கன நேரம் பார்த்தார். நான் ஏதாவது கேட்பதற்குள் உள்ளே போய்த் தன் தாயின் கலியாணப் படத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். "அம்மாவின்ர பொட்டைப் பார். குங்குமம். இதில மை மாதிரி இருக்கு. கூறைச்சீலையும் சிவப்புத்தான், இதில கறுப்பு. இவையின்ர உடுப்பும் இப்பிடித்தான், என்ன நிறமெண்டு ஆர் கண்டது?"

மதுரைக்காரர் எழுதிய முழு விளக்கமும் அந்தப் பொட்டில் இருந்தது. நான் இத்தனை வருஷமும் அந்தக் கலியாணப் படத்தைச் சுவரில் பார்த்தே வளர்ந்தவன். பெரியப்பா இப்போது இல்லை.

சின்சி வாசகன்

எல்லாரும் நன்றாக எழுதுகிறீர்கள். என்னுடையது சின்னது. இங்கே சின்சினாட்டியில் ஒரு கண்காட்சியில் 1869 ரெட் ஸ்டாக்கிங்ஸ் அணியின் வண்ணப் படத்துக்கு முன்னால் ஒரு இளைஞர் கைபேசியில் நிறத்தை எடுத்துக்கொண்டிருந்தார், துல்லியமாக அதே சிவப்பில் சட்டை அச்சடிக்கப் போகிறாராம். அது புகைப்படம் அல்ல, கல்லச்சில் அச்சடித்த ஓவியம், நிறம் ஓவியர் போட்டது என்று சொன்னேன். என்னைப் பார்த்துவிட்டு மறுபடி எடுத்தார். அவ்வளவுதான்.

இப்போது கொலம்பஸ் சகோதரிக்கு. துணி வாங்குவதற்கு முன் இதையெல்லாம் பாருங்கள்.

முதலில் அந்த டின்டைப். அது நேரடிப் படம், நெகட்டிவ் கிடையாது, அதனால் கண்ணாடியில் தெரிவது போல இடம் வலம் மாறித்தான் இருக்கும். கேடயத்தில் இருந்த எழுத்து எது? A, M, O மாதிரி இரண்டு பக்கமும் ஒத்த எழுத்து என்றால் தெரியாது. N அல்லது S என்றால் திரும்பி நிற்கும், அதிலிருந்து ஊரைப் பிடிக்கலாம். பொத்தான் வரிசையும் திரும்பியே இருக்கும், தைக்கும்போது மறந்துவிடாதீர்கள். அந்தக் காலத்தில் கன்னத்துக்கு ரோஸும் பொத்தானுக்குத் தங்கமும் தொட்டு வைக்கும் பழக்கம் உண்டு. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஸ்டாக்கிங்கிலும் ஒரு தீற்று இருக்கலாம். ஆனால் அதையும் ஸ்டூடியோக்காரர் தன் இஷ்டத்துக்குப் போட்டிருப்பார், எச்சரிக்கை.

அடுத்தது காலம். முழங்கால் அளவுக் கால்சட்டையைப் பிரபலமாக்கியது எங்கள் ஊர் அணி, 1860களின் கடைசியில். அதற்கு முன் நீளக் கால்சட்டைதான், நியூயார்க் நிக்கர்பாக்கர்ஸ் அணி 1849இல் முடிவு செய்ததும் நீலக் கம்பளிக் கால்சட்டை, வெள்ளை ஃபிளானல் சட்டை, வைக்கோல் தொப்பி. கால் தெரிய ஆரம்பித்த பிறகுதான் ஸ்டாக்கிங்கே அணிக்குப் பெயரானது. ஆக உங்கள் படம் 1868க்குப் பிந்தியது என்று வைத்துத் தேடலாம். எங்கள் அணியின் சீருடையைத் தைத்தது பெர்த்தா பெர்ட்ராம் என்ற தையல்காரப் பெண்மணி. பெயர் நிலைத்த தையல்காரர்கள் மிகக் குறைவு, அதனால் இதை நான் எங்கும் சொல்வேன்.

சிகரெட் பெட்டியோடு வந்த வீரர் பட அட்டைகளை நம்ப வேண்டாம். 1887 முதல் 1890 வரை வந்த ஓல்ட் ஜட்ஜ் அட்டைகளில் பந்தைக் கயிற்றில் தொங்கவிட்டு ஸ்டூடியோவில் எடுத்திருப்பார்கள். வீரர் அணி மாறினாலும் பழைய படத்திலேயே புது அணியின் பெயரை அச்சடித்தார்கள். சீருடை ஒரு ஊர், பெயர் வேறு ஊர்.

கடைசியாக மிச்சிகன் அப்பாவுக்கும் ஒன்று. எழுத்து எழுத்து என்கிறீர்கள். 1882இல் லீக் எழுதியது உத்தரவு. உத்தரவு போட்டதாலேயே எல்லா ஊரிலும் எல்லா நாளும் அப்படி உடுத்தினார்கள் என்று ஆகாது. ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அன்றைக்கே எழுதிய உள்ளூர்ப் பத்திரிகைதான் எனக்குப் பெரிய சாட்சி. புதுச் சீருடை வந்தால் அந்தக் காலத்து நிருபர்கள் நிறத்தை விடாமல் எழுதுவார்கள். லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் பழைய பத்திரிகைத் தொகுப்பு இலவசம், ஊர்ப் பெயரோடு "ஸ்டாக்கிங்ஸ்" என்று போட்டுத் தேடுங்கள்.

மிச்சிகன் அப்பா

சின்சி, உத்தரவும் எழுத்துதான், பத்திரிகையும் எழுத்துதான். நான் சொன்னதைத்தான் இன்னும் நீளமாகச் சொல்லியிருக்கிறீர்கள். சாயக்காரரின் ரோஸ் தண்ணீர் வாதம் மட்டும் என்னைக் கொஞ்சம் அசைக்கிறது.

கொலம்பஸ் தையல்

எழுத்து N. திரும்பித்தான் இருந்தது, நான் அதை வேற்று மொழி எழுத்து என்று நினைத்துவிட்டுப் போயிருந்தேன். அந்த அம்மா பேச்சோடு பேச்சாகச் சொன்ன ஊரும் அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது. 1870களில் அங்கே வாரப் பத்திரிகை ஒன்று இருந்திருக்கிறது, மாநில நூலகத்தில் அதன் மைக்ரோஃபிலிம் (பக்கங்களைச் சிறிதாகப் படம் பிடித்த சுருள்) இருப்பதாக நேற்று ஃபோனில் சொன்னார்கள். சனிக்கிழமை போகிறேன். துணிக்கடைக்குத் தலைவரிடம் சொல்லி அவகாசம் வாங்கிவிட்டேன், நோட்டில் "கறுப்பு" பக்கத்தில் கேள்விக்குறியும் போட வைத்தேன். கொலம்பஸ் பக்கம் யாராவது இருந்தால் வாருங்கள், சுருள்கள் நிறைய, ஒரு ஆளால் முடியாது.

திருப்பூர்ச் சாயம்

தூரம் அதிகம், வர முடியாது. சிவப்பு என்று வந்தால் எனக்கு எழுதுங்கள், கழலாத சாயத்தில் நூல் போட்டுத் தருகிறேன்.