பேனோராம் பெட்டி: உள்ளே பிலிம் ஓட வேண்டுமா, ஒரு திரை இருந்தால் போதுமா?

பழம்பொறி:
சிகாகோவின் மில்ஸ் நாவல்ட்டி நிறுவனம் 1940இல் அறிமுகப்படுத்திய பேனோராம் என்னும் படம் காட்டும் ஜூக்பாக்ஸ் ஒன்று, பாதி வயிறு காலியான நிலையில், என் கொட்டகைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அறியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அது ஆளுயர மரப்பெட்டி. அதன் அடியில் ஆர்.சி.ஏ. என்னும் அமெரிக்க நிறுவனம் தயாரித்த 16 மி.மீ. புரொஜெக்டர் இருக்கும், அதிலிருந்து வரும் ஒளி பெட்டிக்குள் இருக்கும் கண்ணாடிகளில் பட்டுத் திரும்பி, மேலே உள்ள திரையின் பின்புறத்தில் விழும். 10 சென்ட் காசு போட்டால் ஏறத்தாழ மூன்று நிமிடப் பாடல் படம் ஒன்று ஓடும். சவுண்டீஸ் என்றழைக்கப்பட்ட இப்படங்கள் 1940களில் 1,800க்கும் மேல் எடுக்கப்பட்டன.

என் பெட்டியில் மரவேலை, திரை, காசு வாங்கும் பொறி, ஆம்ப்ளிபையர் ஆகியவை உள்ளன. புரொஜெக்டரும், பிலிமை முடிவில்லா வளையமாக ஓட்டும் அமைப்பும், பெரிய கண்ணாடியும் இல்லை. வேறொரு பழைய 16 மி.மீ. புரொஜெக்டரை வாங்கி, வளைய அமைப்பை லேத்தில் செய்து பொருத்துவதா, அல்லது டிஜிட்டல் முறைக்குப் போவதா என்று முடிவு செய்ய வேண்டும்.

ஆர்க்விளக்கு:
இதில் முடிவு செய்ய என்ன இருக்கிறது, நண்பரே? புரொஜெக்டர் இல்லாத பேனோராம் ஓர் அலமாரி. திரையரங்கில் ஆபரேட்டராக இருந்தவன் என்பதால் சொல்கிறேன்: பல்சக்கரத்தில் துளைகள் மாட்டி இறங்கும் சத்தமும், விளக்கின் சூடும், படம் தொடங்கும்போது ஒலி கொஞ்சம் தள்ளாடி நிலைப்பதும் அந்த எந்திரத்தின் பகுதிகளே. அந்தக் காலத்து ஆர்.சி.ஏ. புரொஜெக்டர்கள் இன்னும் விற்பனைக்கு வருகின்றன. அவற்றில் ஒன்றை வாங்குங்கள். வளைய அமைப்பைச் செய்வது கடினமான வேலைதான், ஆனால் செய்ய முடியாத வேலையன்று. 16 மி.மீ. பிலிம் ஒலிப்பட வேகத்தில் நிமிடத்துக்கு 36 அடி ஓடும். ஒரு சுருளில் 8 படங்கள் என்றால் சுமார் 860 அடி. அந்த நீளத்தைச் சிக்கலின்றிச் சுற்ற உருளைகளும் தட்டும் வேண்டும், அவ்வளவே.

செவ்வந்தி:
"அவ்வளவே" என்ற சொல்லில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது, ஐயா. திரைப்படச் சுருள்களைப் பாதுகாக்கும் பணியில் இருப்பவள் என்ற முறையில் இரண்டு கேள்விகள் கேட்கிறேன். முதலாவது, எந்தப் பிலிமை ஓட்டப் போகிறீர்கள்? சவுண்டீஸ் பிரதிகள் அசிட்டேட் என்னும் பழைய பிளாஸ்டிக் வகைப் பிலிமில் உள்ளவை. எண்பது ஆண்டுகள் கடந்த அசிட்டேட்டில் புளிக்காடி வாடை அடிக்கத் தொடங்கியிருந்தால், அது சுருங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். சுருக்கம் 1 விழுக்காட்டை நெருங்கினாலே துளைகளும் பல்சக்கரமும் ஒத்துப்போகாமல் பிலிம் கிழியும். வளையமாக ஓடும் பிலிமோ பல அமைப்புகளில் தன் மீதே உராய்ந்துகொண்டு ஓடும். ஜாஸ் இசைக்கலைஞர்கள் டியூக் எலிங்டனும் ஃபேட்ஸ் வாலரும் தோன்றும் பிரதிகளை நம் பொழுதுபோக்குக்காகக் கீறலாக்கும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது?

இரண்டாவது, வேறு மாதிரி புரொஜெக்டரைப் பொருத்த வேண்டுமானால் அடிப்பலகையில் புதிய துளைகள் இட வேண்டும். உண்மையான புரொஜெக்டர் ஒருநாள் கிடைத்தால், அந்தத் துளைகளை என்ன செய்வீர்கள்?

எட்டணா:
எனக்கு இந்தக் கவலையே புரியவில்லை. ஒரு தட்டைத் திரையை முகப்பில் பொருத்தி, 200 சவுண்டீஸ் படங்கள் 2023இல் ப்ளூ-ரேயாக வந்திருக்கின்றனவே, அவற்றைப் போட்டு விடுங்கள். விருந்தாளிகள் யாரும் பின்பக்கத்தைத் திறந்து பார்க்கப் போவதில்லை.

ஆர்க்விளக்கு:
எட்டணா அவர்களே, தங்கள் வழியில் மிஞ்சுவது ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. அதற்குப் பேனோராம் எதற்கு?

செவ்வந்தி அம்மா, தங்கள் முதல் கேள்வி நியாயமானது. ஆனால் அது பழைய பிரதிகளைப் பற்றிய கேள்வியே தவிர, பிலிமைப் பற்றிய கேள்வி அன்று. உரிமைக் கட்டுப்பாடு இல்லாத படங்களிலிருந்து பாலியெஸ்டர் பிலிமில் புதிய பிரதி எடுக்கலாம். அது சுருங்காது, எளிதில் கிழியவும் கிழியாது. இங்கே பலர் மறந்துவிடும் நுட்பம் ஒன்று உண்டு. கண்ணாடிகளில் பட்டுத் திரையின் பின்னிருந்து வரும் படம் இடவலமாக மாறிவிடும் என்பதால், பேனோராமுக்கான பிரதிகளையே இடவலம் மாற்றி அச்சிட்டார்கள். ஆகவே வீட்டில் ஓட்டுவதற்கென விற்ற சாதாரணப் பிரதியை இதில் போட்டால், பியானோவின் கட்டைச் சுருதி வலப்பக்கம் போய்விடும். புதிய பிரதி எடுப்பவர் இதை முதலிலேயே சொல்லி அச்சிட வேண்டும்.

வால்வுக்காரர்:
இருவருக்கும் இடையே ஒரு சொல். எந்தக் கட்சி வென்றாலும் அந்த ஆம்ப்ளிபையரை நேரடியாக மின்சாரத்தில் சொருகிவிடாதீர்கள். அக்காலத்துக் காகிதக் கெபாசிட்டர்களும் வடிகட்டிக் கெபாசிட்டர்களும் கசியும். டிரான்ஸ்பார்மரையும் சேர்த்துக் கொன்றுவிடும். அவற்றை மாற்றிய பின்னரே மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். கழற்றிய பழைய உறுப்புகளை உறையிலிட்டுப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுவது நல்ல வழக்கம். டிஜிட்டல் ஒலியாக இருந்தாலும் அந்த வால்வுகள் வழியாகவும் அந்த ஒலிபெருக்கி வழியாகவும் வரட்டும். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

செவ்வந்தி:
பாலியெஸ்டர் பிரதி எடுக்க முடியும் என்பதை மறுக்கவில்லை. 860 அடிக்குப் புதிய பிரதி எடுக்க ஆகும் செலவைப் பழம்பொறி அவர்கள் விசாரித்தபின் பேசுவோம். என் இரண்டாம் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. நான் சொல்வது தட்டைத் திரையை அன்று. சிறிய டிஜிட்டல் புரொஜெக்டர் ஒன்றை, ஏற்கெனவே உள்ள திருகுத் துளைகளில் மட்டும் மாட்டும் தாங்கியில் பொருத்தி, படத்தை இடவலம் மாற்றி, பழைய பாதையிலேயே கண்ணாடி வழியாக அதே திரையில் விழச் செய்யலாம். உண்மையான புரொஜெக்டர் கிடைக்கும் நாளில் திருகுகளைக் கழற்றினால் போதும். பெட்டிக்கு ஒரு வடுவும் இராது.

பழம்பொறி அவர்களே, வேறொன்றும் பாருங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பல பேனோராம்களின் திரையை மறைத்து, ஒருவர் மட்டும் எட்டிப் பார்க்கும் பெட்டிகளாக மாற்றினார்கள். தங்கள் பெட்டியின் முகப்பில் அடைத்த துளையோ, மறு வண்ணமோ இருக்கிறதா? இருந்தால் அதையும் அழித்துவிடாதீர்கள்.

பழம்பொறி:
முகப்பில் அப்படிப்பட்ட தடயம் ஏதுமில்லை. ஆனால் உள்ளே அடிப்பலகையில் யாரோ முன்பே ஏகப்பட்ட துளைகள் இட்டிருக்கிறார்கள். எது மில்ஸ் நிறுவனத்தாருடையது, எது பின்னாளையது என்று சொல்வது அரிது. கண்ணாடிக்குக் கடையில் கிடைக்கும் சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடி போதுமா?

வால்வுக்காரர்:
போதாது. பின்புறம் பூச்சுள்ள கண்ணாடியில் முன்பரப்பும் சிறிது ஒளியைத் திருப்பும். எழுத்துகளுக்குப் பக்கத்தில் மங்கலான இரண்டாம் உரு தெரியும். முன்பரப்பில் பூச்சுள்ள கண்ணாடி வாங்குங்கள். துணியால் துடைத்தால் பூச்சு போய்விடும், எச்சரிக்கை.

ஆர்க்விளக்கு:
செவ்வந்தி அம்மாவின் தாங்கியைப் பிலிம் ஏற்பாடு நிறைவேறும் வரைக்குமான தற்காலிக வழியாக மட்டும் ஏற்கிறேன்; அதைப் புதுப்பித்தல் என்று அழைக்க மாட்டேன். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. பேனோராமில் பாடலைத் தேர்ந்தெடுக்க முடியாது. சுருளில் அடுத்தது எதுவோ அதுதான் வரும்; பிடித்த பாடல் வேண்டுமானால் அதன் முறை வரும் வரை காசு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே 8 படங்கள், மாறாத வரிசை, ஒரு காசுக்கு ஒன்று, முடிந்ததும் நிற்க வேண்டும். கையில் ரிமோட் கொடுத்தால் எல்லாம் போயிற்று.

எட்டணா:
பிடிக்காத பாடலுக்கும் காசு கொடுப்பதுதான் வரலாறு என்றால், அந்த வரலாறு எனக்கு வேண்டாம்.

செவ்வந்தி:
ஆர்க்விளக்கு ஐயாவின் நிபந்தனையை முழுமையாக ஏற்கிறேன். நான் பிலிமை எதிர்த்தேனே தவிர, எந்திரத்தின் இயல்பை எதிர்க்கவில்லை. வரிசையை வெள்ளைக்காரக் கலைஞர்களைக் கொண்டு மட்டும் நிரப்பிவிடாதீர்கள். அக்காலத்துப் பெரிய படங்களில் ஓரத்தில் நிறுத்தப்பட்ட கறுப்பினக் கலைஞர்கள் பலர் சவுண்டீஸில் மூன்று நிமிடமும் நடுவில் நின்று பாடியிருக்கிறார்கள்.

பழம்பொறி:
இப்போதைக்குத் தாங்கியும் டிஜிட்டல் புரொஜெக்டரும் என்று தீர்மானித்திருக்கிறேன், ஆர்.சி.ஏ. புரொஜெக்டருக்கான தேடல் தொடரும். காசுப் பொறி பற்றி ஓர் ஐயம் மட்டும் உள்ளது: இன்றைய 10 சென்ட் அதில் வேலை செய்யுமா?

வால்வுக்காரர்:
விட்டம் மாறவில்லை, ஆகவே உள்ளே போகும். ஆனால் 1965 முதல் வந்தவற்றில் வெள்ளி இல்லை, எடை 2.5 கிராமிலிருந்து ஏறத்தாழ 2.27 கிராமாகக் குறைந்துவிட்டது. எடையால் அசையும் கை ஏதேனும் உள்ளே இருந்து, அது புதிய காசுக்கு அசைய மறுத்தால், அதை அராவி இலகுவாக்க முயலாதீர்கள். 1964க்கு முந்தைய வெள்ளிக் காசுகள் சிலவற்றை வாங்கிப் பெட்டியின் மேல் ஒரு கிண்ணத்தில் போட்டு வையுங்கள்.