சாவி கொடுத்து ஓடும் பழைய தகர ரயில்கள்: குறைந்த செலவில் சேகரிப்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். சாவி கொடுத்தால் ஓடும் பழைய தகர ரயில் பொம்மைகளைச் சேகரிக்க விரும்புகிறேன். மேர்க்லின், பாசெட்-லோக் போன்ற நிறுவனங்களின் அரிய எஞ்சின்கள் என் கைக்கு எட்டாதவை. அலமாரியில் பூட்டி வைப்பதற்காக அல்ல, தரையில் தண்டவாளம் போட்டு ஓட்டிப் பார்ப்பதற்காகவே வாங்க நினைக்கிறேன். எந்த நிறுவனத்தில் தொடங்கலாம்? எவற்றைச் சோதிக்க வேண்டும்? துருப்பிடித்த ஒன்றை மலிவாக வாங்கிப் புது வண்ணம் அடித்துக்கொள்ளலாமா?

மறுமொழி 1:
ஓட்டுவதற்கு என்றால், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஹார்ன்பியைத்தான் முதலில் சொல்வேன். லிவர்பூலின் மெக்கானோ நிறுவனம் 1920இல் தொடங்கிய இந்த வரிசை பெருமளவில் விற்றதால், 101ஆம் எண் டேங்க் எஞ்சினும் (பின்னால் தனி நிலக்கரி வண்டி இல்லாத வகை), 501ஆம் எண் எஞ்சினும், சிறு எம்1 எஞ்சினும் இன்றும் அரிய பொருள்கள் ஆகிவிடவில்லை. இவை 32 மில்லிமீட்டர் அகலமுள்ள 'ஓ' கேஜ் தண்டவாளத்தில் ஓடுபவை என்பதால், அதே அளவில் செய்யப்பட்ட பிற நிறுவனங்களின் பெட்டிகளையும் சேர்த்துக்கொள்ளலாம். கொக்கிகள் ஒன்றோடொன்று மாட்டுகின்றனவா என்பதை மட்டும் பாருங்கள்.

போருக்கு முந்தையவை அழகில் ஒரு படி மேல்தான். ஆனால் அவற்றின் வார்ப்புச் சக்கரங்களைப் பார்க்காமல் பணம் கொடுத்துவிடாதீர்கள். அவற்றை வார்த்த துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற மாசு சேர்ந்திருந்தால், உலோகம் உள்ளிருந்தே அரிக்கப்பட்டு, உப்பி, மயிரிழை போன்ற விரிசல்கள் விட்டு, கடைசியில் கையோடு உதிர்ந்து வந்துவிடும். இதைச் சரிசெய்ய வழியில்லை. மாற்றுச் சக்கரம் வாங்கிப் போடத்தான் வேண்டும். விற்பவர் அனுப்பும் படத்தில் சக்கர விளிம்பு தெளிவாகத் தெரியவில்லை என்றால், வேறு படம் கேளுங்கள்.

மறுமொழி 2:
சக்கரங்களைப் பற்றி மேலே சொன்னது முற்றிலும் சரி. ஆனால் ஹார்ன்பியோடு நின்றுவிட வேண்டாம். மெட்டாய், பிரிம்டாய், சாட் வேலி, அமெரிக்காவின் மார்க்ஸ் ஆகியவற்றின் எளிய ரயில்களைப் பலர் பொருட்படுத்துவதில்லை. குறைந்த செலவில் சேகரிப்பவருக்கு அது நல்லதுதான். தட்டையான தகரத் தகட்டிலேயே ரிவெட் தலைகள், ஜன்னல்கள், சிலவற்றில் பயணிகளின் முகங்கள்கூட அச்சிடப்பட்டு, பிறகுதான் தகடு வெட்டி மடிக்கப்பட்டிருக்கும். அந்த அச்சுதான் இவற்றின் உயிர். ஆகவே துருவைச் சுரண்டிவிட்டுப் புது வண்ணம் அடிப்பதை நான் ஏற்க மாட்டேன். உலர்ந்த மென்துணியால் துடைத்து, நிறமற்ற மெழுகை மெல்லப் பூசினால் போதும். வண்ணத்தைக் கரைக்கும் தின்னர் பக்கம் போகவே வேண்டாம்.

எஞ்சினைக் கையில் பிடித்துக்கொண்டு, சாவியைச் சில சுற்றுகள் மட்டும் திருப்புங்கள். எதிர்ப்பே இல்லாமல் சுற்றினால் ஸ்பிரிங் உடைந்திருக்கலாம், அல்லது அதன் முனை கொக்கியிலிருந்து கழன்றிருக்கலாம். சாவி இறுகியும் சக்கரம் நகராமல், விரலால் தள்ளியதும் தயங்கித் தயங்கி ஓடினால், பெரும்பாலும் பழைய எண்ணெய் பிசினாக இறுகியதுதான் காரணம். அப்படிப்பட்டதைத் துணிந்து வாங்கலாம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. வண்ணம் அடிக்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். இறுகிய எண்ணெயை எடுக்க எஞ்சினின் மேற்கூட்டைக் கழற்ற வேண்டுமா?

மறுமொழி 1:
முடிந்தவரை கழற்றாதீர்கள். ஹார்ன்பியின் பல எஞ்சின்களில் இயக்கப் பகுதி திருகாணிகளில் நிற்பதால் எளிதாக வெளியே வரும். மலிவான ரயில்களிலோ தகர நாக்குகளைத் துளையில் நுழைத்து மடித்திருப்பார்கள். அவற்றை நிமிர்த்தி மீண்டும் மடித்தால், இரண்டாவது மூன்றாவது முறையிலேயே ஒடிந்துவிடும். அடிப்பக்கமாகவே அச்சு முனைகளிலும் பற்சக்கரத் தண்டுகளிலும் ஊசி முனையால் ஒவ்வொரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு, ஓர் இரவு ஊறவிட்டுப் பாருங்கள். கழற்றியே ஆக வேண்டும் என்றால், ஸ்பிரிங் முழுவதும் தளரும்வரை ஓடவிட்ட பிறகே கை வையுங்கள். இறுகிய ஸ்பிரிங் விடுபட்டால் விரலைக் கிழித்துவிடும்.