சல்சாவில் ரும்பாவும் ஒரிஷா அசைவுகளும்: எங்கிருந்து தொடங்குவது?

ஆன்டூ ஆட்டக்காரி:
சல்சா ஓரளவு கைக்கு வந்துவிட்டது, ஆன்-2 டைமிங்கில்தான் (இரண்டாம் எண்ணிக்கையில் திசை மாற்றும் முறை) ஆடுகிறேன். ஆனால் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஷைன் (ஜோடியை விட்டுத் தனியாக ஆடும் பகுதி) வந்தால் போதும், பாதிப்பேர் தோளைக் குலுக்கி, கையை ஓங்கி இறக்கி, "இது ஆஃப்ரோ-கியூபன்" என்கிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் முன்னே பின்னே எதோடும் சேராமல் ஒட்டுப்போட்ட மாதிரி தெரிகிறது. எனக்கும் கற்றுக்கொள்ள ஆசை. கியூபாவின் ரும்பாவில் தொடங்கவா, ஒரிஷா தெய்வங்களின் ஆட்டத்திலா? அப்புறம், ஒரிஷா ஆட்டம் என்பது ஒரு வழிபாடு, அதை பார்ட்டியில் ஆடலாமா?

க்ளாவே காது:
ரும்பா. யோசிக்கவே வேண்டாம். (பால்ரூம் போட்டிகளில் அந்தப் பெயரில் ஆடுவது வேறு, அதை மறந்துவிடுங்கள்.) கியூபாவின் ஹவானாவிலும் மடான்சாஸிலும் துறைமுகத் தொழிலாளர்களும் ஏழைக் குடியிருப்புகளின் முற்றங்களில் கூடியவர்களும் வளர்த்த ஆட்டம் இது. இதில் மூன்று வகை: யாம்பு மெதுவானது, குவாகுவாங்கோ ஜோடி ஆட்டம், கொலும்பியா மரபாக ஆண்கள் தனியாக ஆடுவது.

ஸ்டெப் பிறகு, முதலில் காது. க்ளாவே என்பது பாட்டு முழுக்க ஓடும் ஐந்தடித் தாளம், ஒரு பக்கம் மூன்று அடி, மறுபக்கம் இரண்டு. சல்சாவில் நாம் கேட்டுப் பழகிய சோன் க்ளாவேயை மூன்றடிப் பக்கத்திலிருந்து எட்டு வரை எண்ணினால் 1, 2-க்கும் 3-க்கும் நடு, 4, பிறகு 6, 7 என்று அடி விழும். ரும்பா க்ளாவேயில் அந்த 4 மட்டும் அரை எண்ணிக்கை தள்ளி, 4-க்கும் 5-க்கும் நடுவில் விழும். அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் நாம் காலை நிறுத்திவைக்கும் அந்த 4-ஐத் தாண்டி அடி விழுவதால் உடம்பு ஒரு கணம் தொங்கி நிற்கிறது, அதிலிருந்துதான் ரும்பாவின் அசைவு பிறக்கிறது. முழங்காலைத் தளர்த்தி, மேலுடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, எடையைத் தரைக்கு விடுங்கள். நிமிர்ந்து நின்றபடி தோளை மட்டும் குலுக்கினால் ஒட்டுப்போட்ட மாதிரிதான் இருக்கும்.

மூன்று பாதா:
ஒரிஷா பற்றி நான் சொல்கிறேன். மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா மக்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டபோது கியூபாவுக்கு வந்த தெய்வங்கள் இவை, ஒவ்வொன்றுக்கும் தனித் தாளமும் தனி உடல்மொழியும் உண்டு. ஒகுன் இரும்புக்கு உரியவர், மச்செட்டே என்ற நீண்ட வெட்டுக்கத்தியால் காட்டை வெட்டி வழி செய்வார். சாங்கோ இடி மின்னலுக்கு உரியவர், கையில் இரட்டைக் கோடரி. யெமாயா கடல், பாவாடையே அலையாகப் புரளும். நீங்கள் சொன்ன அந்த ஓங்கி இறக்கும் கை ஒகுன் வெட்டுவதா, சாங்கோ மின்னலை இழுத்து இறக்குவதா என்று ஆடியவரிடமே கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால் உங்கள் உறுத்தல் நியாயம்தான்.

ஆடலாமா என்றால், ஆடலாம். 1962-இல் தொடங்கிய கியூபாவின் தேசிய நாட்டார் கலைக்குழு இவற்றை மேடையில் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. வழிபாட்டுச் சடங்கு வேறு, மேடை வேறு. ஆனால் சாமி வந்த மாதிரி நடிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். அது எனக்கு மட்டமாகப் படுகிறது.

காசினோ கால்:
மேலே உள்ளதெல்லாம் சரி, ஆனால் இவ்வளவு பயமுறுத்த வேண்டாம். கியூபாவில் காசினோ (அங்குள்ள சல்சா ஜோடி ஆட்டம்) ஆடுகிறவர்கள் டிம்பா (கியூபாவின் நவீன ஆட்ட இசை) பாட்டில் கோரஸ் யெமாயா பெயரைச் சொன்னதும் சிரித்துக்கொண்டே இரண்டு அலை அசைத்துவிட்டு ஜோடிக்குத் திரும்பிவிடுவார்கள். பாட்டு கூப்பிட்டால் போங்கள், கூப்பிடாவிட்டால் சும்மா இருங்கள். காதல் பாட்டின் நடுவில் மச்செட்டே வீசுவதுதான் சிரிப்பாக இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை, இது ஆண்களுக்கு. குவாகுவாங்கோவில் வாக்குனாவ் என்று ஒன்று உண்டு. ஆண் எதிர்பாராத நேரத்தில் பெண்ணை நோக்கி இடுப்பையோ கையையோ காலையோ வீசுவான், அவள் கையாலோ பாவாடையாலோ மறைத்துத் தப்பிப்பாள். இருவருக்கும் தெரிந்தால் அருமையான விளையாட்டு. தெரியாத ஜோடியிடம் செய்தால் அசிங்கம், அவ்வளவுதான். கைக்குட்டையை வீசியும் செய்யலாம், இடுப்புதான் வேண்டும் என்றில்லை.

ஆன்டூ ஆட்டக்காரி:
நன்றி எல்லோருக்கும். ரும்பா க்ளாவேயைக் கை தட்டிக்கொண்டே ஸ்டெப் வைத்துப் பார்த்தேன், நாலரையில் கால் தானாக 5-க்கு ஓடிவிடுகிறது. கொலும்பியாவைப் பெண்கள் ஆடுவதுண்டா?

க்ளாவே காது:
இப்போது நிறையப் பெண்கள் ஆடுகிறார்கள், தாராளமாக ஆடுங்கள். ஆனால் அதன் தாளம் மும்மூன்றாகப் பிரியும் 6/8 சாயலில் போகும், குவாகுவாங்கோ பிடிபட்ட பிறகு வாருங்கள். கால் ஓடுகிறது என்றால் ஸ்டெப்பை விட்டுவிட்டு, உட்கார்ந்தபடி காலால் எண்ணிக்கையைத் தட்டி, க்ளாவேயை வாயால் சொல்லுங்கள். கைதட்டல் அப்புறம்.