எலுமிச்சை வாசம் வீசும் துளசி வகையான லெமன் பேசில் வளர்த்தவர்கள் வாருங்கள், உங்கள் செடி என்ன சொன்னது?

தொட்டிக்காரன்:
என் முதல் செடி ஒரு சாண் உயரம் வருவதற்குள் நுனியில் வெள்ளைப் பூக்கதிர் விட்டது. முதல் பூ ஆயிற்றே என்று ஆசையாக அப்படியே விட்டுவைத்தேன். கொஞ்ச நாளில் கீழிலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன, தண்டு குச்சி போல விறைத்துவிட்டது. இந்தச் செடிக்குப் பூப்பதில் அவ்வளவு அவசரம்.

அடுத்த செடியில் மூன்று ஜோடி இலை வந்ததுமே நுனியைக் கிள்ளினேன். மனசே வரவில்லை, ஆனாலும் கிள்ளினேன். குனிந்து பார்த்தால் கணுவில், இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில், இரண்டு பக்கமும் கடுகளவு பச்சைக் குருத்து தெரியும். நுனி போனதும் அவை இரண்டும் கிளம்பிவிடும். அப்புறம் வாரம் ஒரு தடவை கிள்ளினாலே போதும், செடி புதர் கட்டிவிடும். கிள்ளிய விரலில் ஏறும் வாசம் கை கழுவினாலும் லேசில் போவதில்லை. எலுமிச்சைப்புல்லுக்கு மணம் தரும் அதே சிட்ரால்தான் இதற்கும்.

உங்களுக்கு எப்படி வந்தது?

விதைப்பை:
எனக்கு விதையிலேயே சறுக்கல். மற்ற விதைகளைப் போல இரவு ஊறவைத்தேன். காலையில் பார்த்தால் சப்ஜா மாதிரி ஒவ்வொன்றும் வழுவழுவென்று உறை கட்டி, எல்லாம் ஒரே உருண்டை. பிரிக்க முடியாமல் அப்படியே மண்ணில் வைத்தேன். முளைத்ததென்னவோ நன்றாகத்தான் முளைத்தது. ஆனால் நெருக்கத்தில் காற்றே புகவில்லை, நானும் தினம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன். நாற்றுகள் மண்மட்டத்தில் நூல் போல இளைத்து, கருத்து, வரிசையாகச் சாய்ந்துவிட்டன.

இப்போது ஈர மண்ணின் மேல் விதையை உலர்வாகவே தூவி, பெயருக்கு மண் போட்டு, நீரைத் தெளிப்பதோடு சரி. ஒரு வாரம், பத்து நாளில் முளைத்துவிடுகிறது. வளர்ந்த பிறகும் மேல்மண் காய்ந்திருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்த்த பிறகுதான் தண்ணீர்.

மண்வாசம்:
என் கதை வேறு. லெமன் பேசிலுக்குப் பக்கத்திலேயே திருநீற்றுப்பச்சிலையும் வைத்திருந்தேன். இரண்டும் ஒன்றாகப் பூத்தன. லெமன் பேசிலில் எடுத்த விதையைப் போட்டால், நாற்றுகளில் பாதிக்கு எலுமிச்சை வாசமே இல்லை! ரொம்ப வருத்தமாகிவிட்டது. அப்புறம்தான் தெரிந்தது, லெமன் பேசிலே திருநீற்றுப்பச்சிலையும் நாய்த்துளசியும் சேர்ந்து பிறந்த கலப்பினமாம். தேனீ ஒரு பூவிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் மறுபடி கலந்துவிடும்.

அதனால் வாசம் பிடித்துப்போன செடியை நான் விதைக்கு விடுவதில்லை. பூக்காத கிளையாகப் பார்த்து நான்கு விரல் நீளம் வெட்டி, கீழிலைகளை எடுத்துவிட்டு, தண்ணீரில் நிறுத்துகிறேன். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் மாற்ற வேண்டும். பத்து நாளுக்குள் கணுவிலிருந்து வெள்ளை வேர் எட்டிப்பார்க்கும். தாய்ச்செடியின் வாசம் அப்படியே வந்துவிடும்.

காலைவெயில்:
குளிர்ப் பகுதியில் இருப்பவர்கள் கவனியுங்கள். 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போன ஓர் இரவு தொட்டியை வெளியே மறந்துவிட்டேன். காலையில் இலைகளில் மை கொட்டியது போலக் கறுப்புத் திட்டுகள். பறித்த இலையை ஃப்ரிட்ஜில் வைத்தபோதும் இதே கதிதான். இப்போது காம்போடு பறித்துத் தண்ணீரில் நிறுத்தி வெளியிலேயே வைத்துவிடுகிறேன்.

தொட்டிக்காரன்:
மண்வாசம், நீங்கள் சொன்ன பிறகு ஒரு தொட்டியை மட்டும் கிள்ளாமல் பூக்க விட்டிருக்கிறேன். பக்கத்தில் வேறு பேசில் எதுவும் இல்லை. வெயில் ஏறியதும் தேனீக்கள் வந்துவிடுகின்றன. நேற்று கீழே காய்ந்திருந்த ஒரு பூக்கிண்ணத்தை உள்ளங்கையில் உதறினேன். உள்ளே நான்கு கறுப்பு விதைகள்.