வைனை விட்டா எடை இறங்குமா? 120 கலோரிக்கு இவ்வளவு கூப்பாடா!

கணக்குப்பிள்ளை:
புதுசா வந்தவங்க டயட் சந்தேகம் கேட்கிற இழையில நேத்து நாவல்மரம் ஒரு முத்து உதிர்த்திருக்காங்க. "வேற எதையும் மாத்த வேண்டாம், ராத்திரி குடிக்கிற ஒரு கிளாஸ் வைனை மட்டும் விடுங்க, மாசம் நாலு கிலோ தானா இறங்கும்." அதுக்குக் கீழே வரிசையா கைதட்டல் வேற. அங்கே பதில் போட்டா திசைதிருப்பறேன்னு வெட்டிடுவாங்க, முன்னாடி பட்டிருக்கேன். அதனால தனி இழை.

இனிப்பில்லாத சிவப்பு வைன், ஒரு கிளாஸ், 120 கலோரி. மாசத்துக்கு 3,600. ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700ன்னு எல்லாரும் போடுற அதே கணக்கை எடுத்துக்கிட்டாலும் அரைக் கிலோகூடத் தேறல. மிச்ச மூன்றரைக் கிலோ எங்கேருந்து வருது, வானத்துலேருந்தா?

நானும் டயட்லதான் இருக்கேன். வைனும் குடிக்கிறேன். எடையும் இறங்குது. 120 தப்புன்னு நிரூபிக்க முடிஞ்சவங்க வரலாம்.

நாவல்மரம்:
என் பேரைச் சொல்லி இழை திறக்கிற அளவுக்கு நான் பெரிய ஆளாயிட்டேன் போல, சந்தோஷம். ஆனா சார், எழுதினதுல பாதியை நறுக்கிட்டு வந்திருக்கீங்க. அடுத்த வரியையும் போட்டிருக்கலாமே: "அதோட சேர்ந்து வர்ற கொறிப்பும் நின்னுடும்."

வைன் தனியா வராது. கிளாஸ் கையில இருக்கும்போது எதைப் பார்த்தாலும் "இன்னிக்கு ஒரு நாள்தானே"ன்னு தோணும். அது ஒண்ணும் என் மனப்பிரமை இல்ல. சாப்பாட்டுக்கு முன்னாடி மது குடிச்சா பசி கிளம்பும், அதுக்காகவே முன்பானம்னு ஒரு வழக்கமே வச்சிருக்காங்க. நீங்க கிளாஸ்ல இருக்கிறதை மட்டும் எண்றீங்க, நான் ராத்திரி முழுக்க உள்ளே போனதை எண்றேன்.

கணக்குப்பிள்ளை:
அப்போ "கொறிக்கிறதை விடுங்க"ன்னுல்ல எழுதியிருக்கணும்? கொறிச்சது யாரோ, கூண்டுல ஏத்துறது வைனையா? 120 இன்னும் அப்படியே நிக்குது. அதைத் தொட்டுப் பேசுங்க.

வழிப்போக்கன்:
அண்ணே, டயட்டும் வேணும், வைனும் வேணும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னு உங்களை மனசுல வச்சுத்தான் சொல்லியிருப்பாங்க போல.

கணக்குப்பிள்ளை:
பழமொழி எந்த ஆய்வுக்கூடத்துல சோதிச்சது தம்பி? எண் இருந்தா போடுங்க. என்கிட்ட ஒரு எண் இருக்கு. 120.

தேன்சிட்டு:
குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். ஒரு கிளாஸ்னா எத்தனை மில்லின்னு முதல்ல பேசி முடிவு பண்ணிக்கலாமா? ஒவ்வொருத்தர் வீட்டு கிளாஸும் ஒவ்வொரு அளவாச்சே.

உப்புக்கல்:
இரண்டு பேரும் கலோரியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். உடலுக்குள் நடப்பதைக் கொஞ்சம் பாருங்கள். ஆல்கஹாலைச் சேமித்து வைக்க உடலில் இடமே கிடையாது. கல்லீரல் அதை அசிட்டால்டிஹைடாக்கி, பிறகு அசிட்டேட்டாக மாற்றி வெளியே விடுகிறது. தசைகள் அந்த அசிட்டேட்டைத்தான் முதலில் எரிக்கும். அது தீரும்வரை கொழுப்பு எரிவது பெரும்பாலும் நின்றுபோகும். ஆல்கஹாலே நேரடியாகக் கொழுப்பாக மாறுவது மிகச் சொற்பம். ஆனால் அதோடு சாப்பிட்டதில் இருந்த கொழுப்பு எரியாமல் கிடங்குக்குப் போய்விடும்.

கணக்குப்பிள்ளை:
ஆங்! "ஆல்கஹால் நேரடியாகக் கொழுப்பாக மாறுவது மிகச் சொற்பம்." சொன்னது நான் இல்ல, உப்புக்கல். அப்போ 120கூட முழுசா சேராதுன்னு ஆகுது. பெருந்தன்மையா 120ன்னு விட்டுக்கொடுத்தேன்!

உப்புக்கல்:
நான்கு வாக்கியம் எழுதினால் நடுவிலிருந்து ஒன்றை மட்டும் உருவிக்கொண்டு ஓடுகிறீர்கள். கடைசி வாக்கியத்தைப் படித்தீர்களா?

நாவல்மரம்:
பாருங்க, எனக்குச் செஞ்சதையே உங்களுக்கும் செஞ்சுட்டார். இவருக்கு இது வழக்கம். கீட்டோ இழையிலயும் இதே வேலைதான் பார்த்தார்.

கணக்குப்பிள்ளை:
கீட்டோ இழையை இழுக்காதீங்க மேடம். அதுல யார் பதிவை யார் அழிச்சுட்டுப் போனாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். இங்கே பேச்சு 120 பத்தி.

இரவுப்பறவை:
என் அனுபவம் வேற மாதிரி. வைன் குடிச்ச மறுநாள் காலையில மெஷின்ல ஏறினா எடை குறைஞ்சுதான் காட்டுது. டயட்டை ஒழுங்கா பண்ற நாள்ல அசையவே மாட்டேங்குது. அப்புறம் எதுக்கு விடணும்?

உப்புக்கல்:
அது தண்ணீர். உடலில் நீரைப் பிடித்துவைக்கச் சொல்லும் வாசோபிரசின் என்ற ஹார்மோனை ஆல்கஹால் அடக்கிவிடுகிறது. அதனால் சிறுநீராகப் போகிறது, மறுநாள் தண்ணீர் குடித்ததும் திரும்பி வந்துவிடும். டயட் தொடங்கிய முதல் வாரத்தில் "மூன்று கிலோ போச்சு" என்று கொண்டாடுகிறார்களே, அதிலும் பெரும்பங்கு கிளைக்கோஜன் என்ற, உடல் சேமித்துவைத்திருந்த மாவுச்சத்தும் அதோடு ஒட்டியிருந்த தண்ணீரும்தான்.

கணக்குப்பிள்ளை:
கேட்டுக்கோங்க நாவல்மரம். உங்க நாலு கிலோ எங்கே போச்சுன்னு விடை கிடைச்சிடுச்சு. கழிவறையில!

நாவல்மரம்:
முதல் வாரத்துக் கதையை ஏன் சார் எனக்கு ஒட்டறீங்க? இறங்கின எடை இன்னிக்கு வரைக்கும் ஏறல. தண்ணியா இருந்தா திரும்பி வந்திருக்கணும்ல?

இன்னொரு சமாச்சாரம், தூக்கம். வைன் குடிச்சா சீக்கிரம் கண்ணைச் சொருகும், ஆனா ராத்திரியோட பின்பாதியில தூக்கம் துண்டு துண்டா உடையும். தூங்காத மறுநாள் பசி எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? அது உங்க 120ல எந்தக் கட்டத்துல வருது?

கணக்குப்பிள்ளை:
நான் நல்லா தூங்கறேன். என் தூக்கத்தைப் பத்தி யாரும் கவலைப்பட வேண்டாம்.

வழிப்போக்கன்:
ராத்திரி ரெண்டு மணிக்குப் பதிவு போட்டு "நல்லா தூங்கறேன்"னு சொல்ற முதல் ஆள் நீங்கதான் அண்ணே.

கணக்குப்பிள்ளை:
உப்புக்கல் பெரிய விஞ்ஞானி மாதிரி எழுதறார், அதனால அடிப்படையிலேருந்தே வர்றேன். ஒரு கிராம் ஆல்கஹாலுக்கு 7 கலோரி. மாவுச்சத்து, புரதம் ரெண்டுக்கும் 4, கொழுப்புக்கு 9. இது இன்னிக்கு நேத்து வந்ததில்ல. அமெரிக்காவுல அட்வாட்டர்னு ஒருத்தர் 19ஆம் நூற்றாண்டு முடியுற சமயத்துல ஆளை ஒரு அறைக்குள்ள உட்காரவச்சு, சாப்பாட்டோட ஆல்கஹாலையும் கொடுத்து, உடம்புலேருந்து வர்ற வெப்பத்தை அளந்தார். ஆல்கஹாலும் எரிபொருளாப் பயன்படுதுன்னு சொன்னதுக்கு மதுவிலக்குக்காரங்க அவர்மேல பாய்ஞ்சாங்க. உண்மையான எண்ணைச் சொன்னா பாயறது அப்போலேருந்தே இருக்கு.

இப்போ பாட்டிலை எடுங்க. 750 மில்லி, லேபிள்ல 13.5 சதவீதம். அப்படின்னா 101 மில்லி ஆல்கஹால், எடையில கிட்டத்தட்ட 80 கிராம். ஏழால பெருக்கினா 560. மிச்சசொச்ச சர்க்கரையெல்லாம் சேர்த்து 600ன்னு வைங்க. பாட்டிலுக்கு அஞ்சு கிளாஸ். 600ஐ அஞ்சால வகுங்க. எத்தனை?

வழிப்போக்கன்:
121?

கணக்குப்பிள்ளை:
உங்ககூட பேசறது வீண்.

தேன்சிட்டு:
சார், பாட்டிலுக்கு அஞ்சுன்னா கிளாஸுக்கு 150 மில்லி. நான் கேட்டதும் அதைத்தான். இப்போ ஒரு காரியம் பண்ணிப் பார்த்தேன். நான் குடிக்கிற கிளாஸ்ல வழக்கமா எதுவரைக்கும் ஊத்துவேனோ அதுவரைக்கும் தண்ணி ஊத்தினேன். வயிறு அகலமான கிளாஸ், அந்த அகலமான இடத்துக்குக் கொஞ்சம் மேலே. பார்க்கிறதுக்குப் பாதிகூட நிரம்பின மாதிரி தெரியாது. அதை அப்படியே அளவுக் குவளையில கவுத்தேன். 230 மில்லி. அப்போ என்னோட "ஒரு கிளாஸ்" 184 கலோரி ஆகுதே?

நாவல்மரம்:
இதைத்தான் சொல்றேன்!!

கணக்குப்பிள்ளை:
நீங்க இதை எங்கேயும் சொல்லல மேடம், கொறிப்பு கொறிப்புன்னுதான் சொன்னீங்க. தேன்சிட்டு, உங்க கை தாராளமா இருக்கிறதுக்கு வைன் என்ன பண்ணும்? ஒரு கிளாஸ் 120தான். அதுக்கு மேலே ஊத்தினா அது ஒன்றரை கிளாஸ். சரி, 184னே வைங்க. மாசத்துக்கு 5,520. அப்பவும் ஒரு கிலோ ஆகல. நாலு எங்கே?

மழைக்காகிதம்:
இனிப்பு வைன் குடிக்கிறவங்க கதை என்ன? போர்ட் வகையில ஆல்கஹால் 20 சதவீதத்தை ஒட்டி இருக்கும், சர்க்கரையும் லிட்டருக்கு 100 கிராம் பக்கம். 100 மில்லிக்கே 150 தாண்டிடும். சின்ன கிளாஸ்ல குடிக்கிறோம்னு மனசைத் தேத்திக்கலாம், அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை:
தலைப்புப் பதிவைப் படிச்சீங்களா? "இனிப்பில்லாத சிவப்பு வைன்." தமிழ்லதானே எழுதியிருக்கேன்?

மழைக்காகிதம்:
நாவல்மரம் எழுதினதுல எந்த வைன்னே இல்லையே. இனிப்பில்லாததுன்னு நீங்களா சேர்த்துக்கிட்டீங்க. உங்களுக்கு வசதியான வைன், உங்களுக்கு வசதியான கிளாஸ். நடத்துங்க.

இரவுப்பறவை:
சிவப்பு வைன் இதயத்துக்கு நல்லதுன்னு வேற சொல்வாங்களே. திராட்சைத் தோல்ல இருக்கிற ரெஸ்வெரட்ரால்னு ஏதோ.

உப்புக்கல்:
பிரெஞ்சுக்காரர்கள் கொழுப்பு நிறையச் சாப்பிட்டும் அவர்களுக்கு இதய நோய் குறைவு என்ற "பிரெஞ்சு முரண்" பற்றி 1991இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி வந்தது, அன்றுமுதல் ஓடும் கதை. ஒரு லிட்டர் சிவப்பு வைனில் ரெஸ்வெரட்ரால் சில மில்லிகிராம்தான் இருக்கும். ஆய்வுகளில் எலிகளுக்குக் கொடுத்த அளவை வைனிலிருந்து பெற வேண்டுமென்றால் கல்லீரல் முதலில் கைவிரித்துவிடும். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்று அதன் ஆய்வு முகமை வகைப்படுத்திய பொருள்களின் பட்டியலில் ஆல்கஹால் 1988இலிருந்தே இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
வந்துட்டார்யா புற்றுநோயோட. எடையில தோத்தா இதயம், இதயத்துல தோத்தா புற்றுநோய். அதுக்குத் தனி இழை திறங்க, அங்கேயும் வர்றேன்.

எல்லாரும் கேட்டதால என் முறையையும் சொல்லிடறேன். வைன் குடிக்கிற நாள்ல ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளிடுவேன். மிச்சம் பிடிச்ச கலோரியில வைன் போகும். கணக்கு நேராயிடும். ஒழுக்கம் இருக்கிறவனுக்கு எதையும் விடவேண்டிய அவசியம் இல்ல.

நாவல்மரம்:
யாரும் கேட்கல சார்.

உப்புக்கல்:
தயவுசெய்து இதை யாரும் பின்பற்ற வேண்டாம். ஆல்கஹாலைக் கையாளும் நேரத்தில் கல்லீரலால் புது சர்க்கரையைச் சரியாக உண்டாக்க முடியாது. வெறும் வயிற்றில் குடித்தால் ரத்தச் சர்க்கரை தாழும். இன்சுலினோ, சல்ஃபோனைல்யூரியா வகைச் சர்க்கரை நோய் மாத்திரையோ எடுப்பவர்களுக்கு இது விளையாட்டு இல்லை. போதாததற்கு, சாப்பாட்டைத் தள்ளினால் அதிலிருந்த புரதமும் போகிறது, எடையோடு தசையும் இறங்கும். 120 கலோரியைக் காப்பாற்றப் போய் எதை இழக்கிறீர்கள் என்று பாருங்கள்.

கணக்குப்பிள்ளை:
எனக்குச் சர்க்கரை வியாதி இல்ல. தசையும் இருக்கு. படம் போடட்டுமா?

வழிப்போக்கன்:
ஐயோ வேண்டாம்.

மட்டுறுத்துநர்:
தனிநபர் கிண்டலைக் குறைத்துக்கொள்ளவும். ரெஸ்வெரட்ரால், புற்றுநோய் தொடர்பான பதிவுகள் நாளை வேறு இழைக்கு மாற்றப்படும். படங்கள் வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
மட்டுறுத்துநர் அய்யா, என்னை அண்ணே அண்ணேன்னு நக்கல் அடிக்கிறவரை விட்டுட்டு பொதுவா அறிவிப்பு போடறீங்க. இதுக்குப் பேர்தான் நடுநிலையா? கீட்டோ இழையிலயும் இப்படித்தான்.

வழிப்போக்கன்:
கீட்டோவை இழுக்காதீங்கன்னு இப்போதான் யாரோ சொன்னாங்க, பேர் ஞாபகம் வரல.

மழைக்காகிதம்:
ஐரோப்பாவுல 2023 டிசம்பர் 8லேருந்து தயாராகிற வைனுக்குக் கலோரியைத் தெரியப்படுத்தணும்னு சட்டமே இருக்கு. லேபிள்ல 100 மில்லிக்கு எவ்வளவுன்னு போடுவாங்க. "ஒரு கிளாஸுக்கு"ன்னு போடறதில்ல. ஏன்னு யோசிங்க.

கணக்குப்பிள்ளை:
100 மில்லிக்கு 80. 150க்கு 120. நன்றி, என் பக்கம் வந்து சேர்ந்ததுக்கு.

மழைக்காகிதம்:
நான் எங்கே சேர்ந்தேன்??

நாவல்மரம்:
நான் கடைசியா ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். விட்டேன், இறங்கிச்சு. நீங்க விடல, உங்களுக்கும் இறங்குதுங்கறீங்க. ஆனா ஒரு தடவைகூட எத்தனை கிலோன்னு சொல்லல. எல்லாத்துக்கும் எண் கேட்கிற மனுஷன்!

கணக்குப்பிள்ளை:
அது என் தனிப்பட்ட விஷயம். தேன்சிட்டு, அந்த அளவுக் குவளைக்கு வர்றேன். சமையலுக்கு வச்சிருக்கிற பிளாஸ்டிக் குவளையா? கோடு தெளிவா இருந்ததா? கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்தீங்களா, மேலேருந்து பார்த்தீங்களா? மேலேருந்து பார்த்தா கோடு நகர்ந்து தெரியும். 230ன்னு சும்மா போட்டுட்டுப் போக முடியாது.

தேன்சிட்டு:
கண்ணாடிக் குவளை சார். குனிஞ்சுதான் பார்த்தேன்.

கணக்குப்பிள்ளை:
எடை மெஷின்ல கிளாஸை வச்சு, பூஜ்யம் ஆக்கிட்டு, திரும்ப ஊத்திப் பார்த்துச் சொல்லுங்க. அதுவரைக்கும் இந்த இழையில 120தான்.

வழிப்போக்கன்:
தேன்சிட்டு, வைனையே ஊத்துங்க. தண்ணின்னா அடர்த்தி வேறன்னு அடுத்து கிளம்புவார்.

கணக்குப்பிள்ளை:
வேறதான். அதையும் விளக்கறேன், கொஞ்சம் பொறுங்க.