உயரமான பெண்கள் அடுக்கி உடுத்தும்போது: என் அனுபவம், உங்கள் அனுபவமும் சொல்லுங்கள்

என் உயரம் 178 செ.மீ. கல்லூரி நாளிலிருந்தே குளிருக்காக ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுப் பழகியவள். அதைத் தப்பாகப் போட்டுக்கொண்டிருந்தேன் என்று புரிய பத்து வருடம் ஆனது. புரியவைத்தவர் ஒரு தையல்கார அம்மா.

ஒரு பிளேசரின் கையை நீட்டித் தர முடியுமா என்று கேட்கத்தான் போனேன். அவர் கையைப் பார்க்கவே இல்லை. திரும்பி நிற்கச் சொல்லி, பின்கழுத்தில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பிலிருந்து இடுப்பு வரை டேப் வைத்து அளந்தார். பிறகு பிளேசரிலும் அதே அளவை எடுத்தார். 4 செ.மீ. வித்தியாசம். "கை மட்டும் குட்டை இல்லம்மா. உங்க இடுப்பு ஒரு இடத்துல இருக்கு, துணியோட இடுப்பு அதுக்கு மேல நிக்குது. இதுக்கு மேல எத்தனை போட்டாலும் இரவல் வாங்கினது மாதிரிதான் தெரியும்" என்றார்.

அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. ரெடிமேட் துணியைச் சராசரி உயரத்தை வைத்து வெட்டுகிறார்கள். உயரத்துக்காக அடுத்த சைஸ் எடுத்தால் அகலம்தான் பெரும்பாலும் கூடும், நீளம் கொஞ்சம்தான் கூடும். உயரமானவர்களுக்கென்றே வெட்டிய உடுப்பில் இடுப்பு, முழங்கால், கை எல்லாமே கீழே இறங்கியிருக்க வேண்டும். கீழ்ப்பகுதியை மட்டும் நீட்டி வைத்திருந்தால் அதை நான் இப்போது எடுப்பதில்லை.

வீட்டுக்கு வந்து அலமாரியில் இருந்ததையெல்லாம் போட்டுப் பார்த்தேன். டி-ஷர்ட், கார்டிகன் (முன்பக்கம் திறக்கும் ஸ்வெட்டர்), மேல்கோட்டு மூன்றும் இடுப்பெலும்புக்குப் பக்கத்தில், ஒரு சாண் இடைவெளிக்குள் முடிந்தன. மூன்று விளிம்பும் ஒரே இடத்தில் குவிந்து உடம்பைச் சரிபாதியாக வெட்டிக் காட்டின. எத்தனை அடுக்கு போடுகிறோம் என்பதை விட ஒவ்வொன்றும் எங்கே முடிகிறது என்பதுதான் முக்கியம். இப்போது உள்ளே போடுவதை பேன்டுக்குள் செருகிவிடுகிறேன், மேலே போடுவது தொடையின் பாதிக்கோ முழங்காலுக்கோ இறங்கும். பாதிக்குப் பாதி என்று பிரியாமல், ஒரு பங்கு மேலே, இரண்டு பங்கு கீழே (அல்லது நேர்மாறாக) பிரிந்தால் கண்ணுக்கு நன்றாக இருக்கிறது.

கைக்கு ஒரு வழி. பிளேசரின் கை மணிக்கட்டுக்கு 3 செ.மீ. மேலே நின்றால் துவைத்துச் சுருங்கியது போல இருக்கும். நீளக் கை வைத்த மெல்லிய சட்டையை உள்ளே போட்டு, 5 செ.மீ. வெளியே தெரியும்படி விட்டுவிடுவேன். அது இல்லாத நாளில் இரண்டு கையையும் சேர்த்து முழங்கை வரை ஏற்றிவிடுவேன். இரண்டுமே வேண்டுமென்று செய்தது போலத் தெரியும்.

உள்ளே மெல்லியது, வெளியே கனமானது. மேலே போடுவதன் கைக்குழி உள்ளே இருப்பதை விடப் பெரிதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அக்குளில் துணி கட்டிப்போய்க் கையைத் தூக்க முடியாது. பின்னல் பருத்தித் துணி நீளவாக்கில் சுருங்கும் என்பதையும் மறக்காதீர்கள். 70 செ.மீ. நீளமுள்ள டி-ஷர்ட் 5% சுருங்கினால் 3.5 செ.மீ. போச்சு. நமக்கு அது பெரிய இழப்பு. குளிர்ந்த நீரில் அலசி, தட்டையாக விரித்துக் காயவைக்கிறேன்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

* * *

எனக்கு 183 செ.மீ. அக்கா. ஒரு வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது முன்னால் நின்ற பாட்டி திரும்பி, "ஏம்மா கூனிக்கிட்டு நிக்கிற, முதுகு வலியா?" என்று கேட்டார். வலி ஒன்றும் இல்லை. தடித்த ஸ்வெட்டர், அதன் மேல் தொளதொளவென்று ஒரு ஹூடி என்று உயரத்தை மறைத்துக்கொண்டு நிற்பதே பழக்கமாகிவிட்டது. எல்லா அடுக்கும் தொளதொளவென்று இருந்ததால் உயரம் மறையவில்லை, அகலம்தான் கூடியது.

இப்போது ஒன்று உடம்பை ஒட்டி, ஒன்று தளர்வாக. உள்ளே டி-ஷர்ட்டும் பேன்டும் ஒரே அடர் நிறம், மேலே முழங்காலைத் தாண்டும் திறந்த கோட்டு வேறு நிறம். ஒன்று கவனித்தேன்: கூன் போட்டால் கோட்டின் பின்பக்கம் தூக்கிக்கொள்கிறது, முன்பக்கம் தொங்குகிறது. நிமிர்ந்தால்தான் விளிம்பு நேராக நிற்கிறது. அந்தக் கோட்டுக்காகவே நிமிரப் பழகினேன்.

மிஷெல் ஒபாமா 180 செ.மீ. உயரம். 2009-ல் லண்டனில் இங்கிலாந்து அரசியைச் சந்திக்கப் போனபோது உடையின் மேல் ஒரு கருப்பு கார்டிகன்தான் போட்டிருந்தார். அப்படிப்பட்ட இடத்துக்கு கார்டிகனா என்று சிலர் குறை சொன்னார்கள். அந்தப் படத்தை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். குட்டையான அரசியின் பக்கத்தில் தன்னைச் சுருக்கிக்கொள்ளாமல் இயல்பாக நிற்கிறார்.

* * *

ஒரு சின்ன மறுப்பு. உயரமானவர்கள் கார்டிகன் மேல் பெல்ட் கட்டினால் அழகு என்று எல்லோரும் சொல்வார்கள். நான் 175 செ.மீ., ஆனால் எனக்குக் கால்தான் நீளம், மேலுடம்பு குட்டை. பெல்ட் கட்டினால் மேலுடம்பு இன்னும் சுருங்கிப்போகிறது. கட்டாமல், நீளமான கையில்லாத மேலங்கியைத் திறந்து விடுவதுதான் எனக்குச் சரி. உங்கள் நீளம் காலில் இருக்கிறதா முதுகில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

* * *

என் மகளுக்கு 15 வயது, இப்போதே 175 செ.மீ. எந்த வெயிலிலும் அவள் அப்பாவின் ஹூடியைப் போட்டுக்கொண்டுதான் வெளியே போகிறாள். கழற்றச் சொன்னால் அழுகை. என்ன செய்வது?

* * *

கழற்றச் சொல்லாதீர்கள் அம்மா. அந்த வயதில் எனக்கும் ஒரு சட்டை இருந்தது, அதற்குள்தான் ஒளிந்துகொண்டேன். யாராவது பிடுங்கியிருந்தால் வெளியிலேயே போயிருக்க மாட்டேன்.

அதே இடத்தில் மெல்லியதாக ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். வெயிலுக்குப் பருத்தி அல்லது லினனில் ஒரு பெரிய சட்டை, பொத்தான் போடாமல், உள்ளே உடம்பை ஒட்டிய நீளமான பனியன். ஹூடி தரும் பாதுகாப்பு அதிலும் இருக்கும், வேர்க்காது. கையில்லாத மேலங்கியும் நல்லது, கை நீளம் பற்றிய கவலையே கிடையாது. கடையில் போட்டுப் பார்க்கும்போது இரண்டு கையையும் தூக்கிப் பார்க்கட்டும், உட்கார்ந்தும் பார்க்கட்டும். நின்று பார்த்தால் மட்டும் தெரியாது. எதுவானாலும் அவளே எடுக்கட்டும்.

* * *

ஹூடிக்காரியின் அம்மாதான் மறுபடியும். நீங்கள் எழுதியதையெல்லாம் அவளிடமே படிக்கக் கொடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி அவளுடைய பழைய கோட்டை எடுத்து வந்து, "இதோட கை மடிப்பைப் பிரிச்சா எவ்வளவு வரும்?" என்று கேட்டாள். இரண்டு பேரும் உட்கார்ந்து பிரித்தோம். 3 செ.மீ. கிடைத்தது. பழைய மடிப்புக் கோடு மட்டும் லேசாகத் தெரிகிறது, ஈரத்துணி வைத்து அயர்ன் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.