'பிலீஃப் கான்ட்ராக்ஷன்' தமிழில் என்ன?

வணக்கம். தருக்கவியல் பாடநூல் ஒன்றை மொழிபெயர்க்கிறேன், திங்கட்கிழமை கடைசி நாள். அல்சூரோன், யார்டன்ஃபோர்ஸ், மேக்கின்சன் மூவரும் 1985இல் எழுதிய கட்டுரையை ஒட்டிய அத்தியாயம். புதிதாக எதையும் ஏற்காமல், இருக்கும் நம்பிக்கை ஒன்றை விடுவதுதான் கான்ட்ராக்ஷன். 'எல்லாப் பறவையும் பறக்கும்', 'நெருப்புக்கோழி பறவை' என இரண்டையும் நம்புகிறேன். 'நெருப்புக்கோழி பறக்கும்' என்பதை விட வேண்டுமானால் அவற்றில் ஒன்றையாவது விட்டாக வேண்டும். எதை என்று தருக்கம் மட்டும் சொல்லாது. 'நம்பிக்கைக் குறுக்கம்' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

---

குறுக்கம் வேண்டாம். ஐகாரக்குறுக்கத்தில் ஐ தொலைந்தா போகிறது? மாத்திரைதானே குறைகிறது! நன்னூலில் தயாராகவே இருக்கிறது: தோன்றல், திரிதல், கெடுதல். சேர்ப்பது தோன்றல், திருத்துவது திரிதல், விடுவது கெடுதல். மரம் + கிளை = மரக்கிளை; ம் கெட்டது, க் தோன்றியது. முரணானதை முதலில் விடு, பிறகு புதியதைச் சேர் என்கிற மெய்யியலாளர் ஐசக் லீவியின் சமன்பாடும் இதேதான்!

---

> குறுக்கம் வேண்டாம்

குறுகுவது நம்பிக்கை இல்லை ஐயா, நம்பிக்கைகளின் தொகுதி. ஆனாலும் சரி, விட்டுவிடுகிறேன்.

---

கெடுதல் அழகுதான். ஆனால் 'நம்பிக்கைக் கெடுதல்' என்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன், யார் கெடுத்தது என்று கேட்கிறார்கள். பேசாமல் 'விடுகை' என்று வையுங்கள். குறளிலேயே 'பற்று விடற்கு' என்று வருகிறதே.

---

பற்று வேறு, நம்பிக்கை வேறு அம்மா. அப்புறம், நம்பிக்கையே இங்கே பொருந்துமா? 'நம்பும் மேவும் நசையாகும்மே' என்கிறது தொல்காப்பியம். நம்பு என்றால் விருப்பம்! ஆராய்ந்து கொண்டதைத் 'துணிபு' என்பதே முறை. துணி என்றால் வெட்டு. ஐயத்தை வெட்டுவதால் துணிபு. ஆகவே 'துணிபுக் களைவு'.

---

துணியை ஏன் களைய வேண்டும் என்று அடுத்த கேள்வி வரும்.

---

ஐயா, நம்பிக்கையை மாற்றினால் முந்தைய ஒன்பது அத்தியாயங்களையும் மாற்ற வேண்டும், முடியாது. அடுத்த பக்கத்தில் மீட்பு விதி வேறு வருகிறது: விட்டதையே மறுபடி சேர்த்தால் பழைய தொகுதி முழுவதும் திரும்ப வேண்டுமாம். அது சரியா என்று தருக்கவியலாருக்குள்ளேயே இன்னும் சண்டை. விடுகை, மீட்பு இரண்டும் ஜோடியாகப் படிக்க வருவதால் 'நம்பிக்கை விடுகை' என்றே அனுப்புகிறேன். நாலு பேர் சரி என்றிருக்கிறார்கள்.

---

அனுப்புங்கள். என் மறுப்பு அப்படியே இருக்கிறது. நீங்கள் இணைத்த வரைவில் நான்காம் பக்கத்தில் இன்னும் 'குறுக்கம்' நிற்கிறது, அதையாவது எடுங்கள்.